ஏகாம்பரத்தின் தலையும் ஒரு ஜெர்மன் தொப்பியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருக் கோயில் உற்சவத்தில் என் நண்பன் ஏகாம்பரத்துக்குப் பரிவட்டம் கட்டினார்கள்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பரிவட்டம் என்பது கோயில் மரியாதை. சாமி முன்னால் உங்களை நிற்க வைத்து, குருக்கள் ஒரு பட்டுத்துணியை உங்கள் தலையைச் சுற்றிக் கட்டுவார். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்துக்காக எங்கள் ஊரில் அண்ணன் தம்பி பேச்சு நின்றிருக்கிறது, பேசி முடித்த கல்யாணம் முறிந்திருக்கிறது, கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறார்கள். துணி என்னவோ இரண்டு முழம்தான்.

சரி, ஏகாம்பரத்துக்கு எதற்காகக் கட்டினார்கள்? ஊருக்கு என்ன செய்தான்? அங்கேதான் வேடிக்கை. அதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு ஜெர்மன் ராணுவத் தொப்பியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஏகாம்பரம் காஞ்சிப் பிள்ளையார்பாளையத்துக்காரன். நானும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நெசவுக் குடும்பம்தான் என்றாலும் அவன் தறியில் உட்கார்ந்து இருபது வருஷம் ஆகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். வீட்டில் தறி ஓட்டுவது அவன் மனைவி மல்லிகா.

மல்லிகா நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் — இரண்டையும் தறியிலேயே இழைக்கு இழை கோத்துச் சேர்க்க வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. தறியில் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு இழை ஓட்டும் கட்டையான நாடாவைப் போட இன்னொருவர். மல்லிகாவுக்கு அந்த இன்னொருவர் எதிர்வீட்டு சரோஜா. ஏகாம்பரம் இல்லை... கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்போது தொப்பிக்கு வருவோம்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், இதே உற்சவம். ஏகாம்பரத்தின் அப்பா இருந்தவரை முதல் பரிவட்டம் அவருக்குத்தான். அவர் போன பிறகு அது தனக்கு வரும் என்று இவன் நம்பினான். குளித்து, விபூதி பூசி, புது வேட்டி கட்டி, வரிசையில் முதல் ஆளாக நின்றான். குருக்கள் துணியோடு வந்தார். இவன் தலையைக் குனிந்தான். குருக்கள் இவனைத் தாண்டிப் போய், பக்கத்தில் நின்ற பிளாட் போட்டு விற்கிறவர் தலையில் கட்டிவிட்டார். கோயில் மண்டபத்துக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தவராம்.

ஏகாம்பரத்தின் தலை குனிந்தபடியே இருந்தது. நான்தான் முதுகில் தட்டி நிமிர்த்தினேன்.

அடுத்த மாதமே அவன் வீட்டுக்கு முதல் ஜெர்மன் தொப்பி வந்தது.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பான். நான் நம்பவில்லை. நீங்கள் நம்புகிறீர்களா?

"அது ஏன்பா ஜெர்மன்? நம்ம ஊர் போலீஸ் தொப்பி ஆகாதா?" என்று கேட்டேன்.

"மத்தவன் தொப்பி எல்லாம் வெயிலுக்குபா. ஜெர்மன்காரன் தொப்பிதான் மரியாதைக்கு," என்றான்.

ஆன்லைன் ஏலம், பழைய சாமான் வியாபாரிகள், புதுச்சேரியில் ஒரு புரோக்கர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் ஒரு பல் டாக்டர், ஒரு ரிட்டயர்டு தாசில்தார், இரண்டு கிரானைட் முதலாளிகள். தினமும் காலையில் மற்றவர்கள் முருகன் படம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது, இவர்கள் தொப்பியின் உள்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவார்கள். "வியர்வைக் கறை ஒரிஜினலா, பாருங்க சார்" என்று ஒரு விவாதம் நாலு நாள் ஓடியது. எவனோ ஒருவன் எண்பது வருஷத்துக்கு முன்னால் விட்ட வியர்வைக்கு இங்கே நாலு பேர் சாட்சி சொன்னார்கள்.

பாஷையே மாறிவிட்டது ஏகாம்பரத்துக்கு. "ஓரத்துல ஓடுதே, அந்தப் பைப்பிங் கலரப் பாருபா. வெள்ளைன்னா காலாட்படை. செவப்புன்னா பீரங்கி. முன்னால நீட்டினு இருக்குதே விசர், அது ஒரு கோணம் மாறினாலும் டூப்ளிகேட்." கடையில் கிளட்ச் வயர் கேட்டு வந்தவனுக்கும் இதைச் சொல்லியிருக்கிறான்.

வீட்டில் ஒரு கண்ணாடி பீரோ. அது மல்லிகா தன் மாதிரிப் புடவைகளை வைக்க, ஆசாரியிடம் சொல்லிச் செய்த பீரோ. தொப்பிகள் குடியேறியதும் புடவைகள் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிக்குப் போயின.

பீரோவில் யார் யார் எங்கே? மேல் தட்டு ஓரத்தில், தோலில் செய்து உச்சியில் ஈட்டி முனை வைத்த ஹெல்மெட் — அதைப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏற முடியாது என்பதை நாங்கள் சோதித்தே பார்த்துவிட்டோம். கீழ்த்தட்டில் தீயணைப்புக்காரர் தொப்பியும் ஸ்டேஷன் மாஸ்டரின் சிவப்புத் தொப்பியும். நடுத்தட்டில், கண்ணுக்கு நேராக, தனி விளக்கோடு ஒரு ராணுவ அதிகாரியின் தொப்பி. வெள்ளிக் கயிறு. பளபளக்கும் கறுப்பு விசர். நெற்றிக்கு மேலே சிறகு விரித்த கழுகு. கழுகின் காலடியில் ஸ்வஸ்திக். ஆமாம், அந்த ஆட்சியின் தொப்பிதான்.

தபால்காரர் தொப்பி ஒன்றும் இருந்தது. அதற்கு பீரோவில் இடமில்லை. கொல்லைப்பக்கம் ஆணியில் தொங்கியது. அதில் சோப்புப் பெட்டி வைத்திருந்தார்கள்.

கடிதம் கொண்டு வந்தவன் கொல்லையில். தீயை அணைத்தவன் கீழே. ஊரையே கொளுத்தியவன் நடுவில், விளக்கோடு. எங்கள் ஊர் மட்டும் என்று நினைக்காதீர்கள். எல்லா ஊர் பீரோவிலும் இதுதான் வரிசை.

"இதப் போட்டுக்கினு என்ன பண்ணாங்கன்னு தெரியுமில்ல?" என்று ஒரு முறை கேட்டேன்.

"அது ஹிஸ்டரிபா. இது கலெக்‌ஷன்."

இரண்டையும் பிரிக்க ஒரு கண்ணாடிக் கதவு போதும் போலிருக்கிறது.

மல்லிகாவுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. அந்தத் தொப்பி வந்த அன்று அதன் வெள்ளிக் கயிற்றை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்த்தார். "இது இன்னா ஜரி? உள்ள சிவப்புப் பட்டே இல்ல. இத்த நம்ம தெருவுல கொண்டாந்தா சிரிப்பாங்க," என்றார். அசல் ஜரிகைக்குள் சிவப்புப் பட்டு இழை இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் நியாயம்.

ஆயுத பூஜைக்குத் தறிக்கும் நாடாவுக்கும் பொட்டு வைத்தவர், கழுகின் காலடியில் இருந்ததைப் பார்த்து, பிள்ளையார் சமாசாரம் என்று நினைத்து, அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். ஏகாம்பரம் தெருவே கேட்கிற மாதிரி கத்தினான். சந்தனம் பட்டால் 'ஒரிஜினாலிட்டி' போய்விடுமாம். இயர் பட்ஸை வைத்துக்கொண்டு அரை நாள் துடைத்தான்.

சரி, நான் மட்டும் யோக்கியனா? இல்லை. 'காஞ்சியில் ஒரு குட்டி ஜெர்மனி' என்று இதே பத்திரிகைப் பக்கத்தில் அவனைப் புகழ்ந்து எழுதியவன் நான்தான். அந்தக் கழுகுத் தொப்பியை மாட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கி, போட்டோ எடுத்து, ஆறு மாதம் வாட்ஸ்அப் டிபியாக வைத்திருந்தவனும் நான்தான். "சார், கம்பீரம்" என்று நாற்பது பேர் சொன்னார்கள். ஒருவர்கூட என்ன தொப்பி என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த லட்சணத்தில்தான் கிறிஸ்டா அம்மா வந்தார்.

ஜெர்மனியில் ஒரு கலைக் கல்லூரியில் நெசவு சொல்லித் தருகிறவர். அறுபது வயதிருக்கும். கோர்வை தெரிந்த ஒரு நெசவாளரைத் தேடி வந்திருந்தார். தேர்ந்தெடுக்கப்படுகிறவர் மூன்று மாதம் அங்கே போய் மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். மொழிபெயர்க்க ரமணி டீச்சர் — செவிலிமேட்டுக்காரர், சென்னையில் ஜெர்மன் மொழி சொல்லித் தருகிறார். அவர்தான் மல்லிகாவின் பெயரைச் சொன்னது. ஏற்கெனவே இரண்டு வீடு பார்த்தாகிவிட்டது. மூன்றாவது மல்லிகா. மறுநாள் காலை அந்த அம்மாவுக்கு விமானம்.

மல்லிகா நெய்த புடவைகள் சிங்கப்பூர் வரைக்கும் போயிருக்கின்றன. மல்லிகா திருப்பதியைத் தாண்டியதில்லை. புடவை கடைக்குள் நுழைந்தவுடன் கடைக்காரர் பெயருக்கு மாறிவிடும். "இது உன் வேலயான்னு ஒருத்தராச்சும் என் மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்ணா," என்று முன்பு ஒரு நாள் என்னிடம் சொன்னார். காபி கொடுத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார்.

அதனால் அந்த வருகைக்காக மல்லிகாவும் சரோஜாவும் பத்து நாள் தயார் செய்தார்கள். மஞ்சள் உடல், அரக்குக் கரை. தறியில் பாவு நூல் ஏற்றி, ஒரு முழம் நெய்து, மீதியை அந்த அம்மா கண் முன்னால் நெய்து காட்டத் தயாராக வைத்திருந்தார்கள்.

ஏகாம்பரமும் தயார் செய்தான். வேறு மாதிரி.

"ஜெர்மனில இருந்து ஒரு அம்மா என் வீடு தேடி வருதுபா. இத்தினி கலெக்‌ஷன் இங்க இருக்குது. சும்மாவா வருது?" என்றான். தறியைப் பார்க்க வருகிறார் என்று நாலு முறை சொன்னேன். காதிலேயே ஏறவில்லை. "நீ வந்து வீடியோ எடு, போதும்," என்றான்.

போனேன். சொன்னேனே, நான் யோக்கியன் இல்லை.

காலை பதினோரு மணி. ப்ளூடூத் ஸ்பீக்கரில் நாதஸ்வரம். வாசலில் செம்பு நிறையத் தண்ணீர், மாவிலை. ஏகாம்பரம் பட்டு வேட்டியோடு ஒரு பித்தளைத் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தாம்பாளத்தில் ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு, மல்லிகைச் சரம். நடுவில், பூவால் சுற்றி... கழுகுத் தொப்பி.

"டேய், இது எதுக்குடா?" என்றேன்.

"மரியாதைபா. அவங்க ஊர் பரிவட்டம், நம்ம ஊர் முறைல. எவனுக்காச்சும் தோணியிருக்குமா?"

எவனுக்கும் தோன்றியிருக்காது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

மல்லிகா உள்ளே தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது தெரியாது.

கார் வந்தது. கிறிஸ்டா அம்மா இறங்கினார். வெள்ளை முடி, காட்டன் குர்தா, நெற்றியில் கோயில் குங்குமம். காலையில் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தாராம். அங்கே சடாரி வைக்கத் தலை குனிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாடம் மனதில் பசுமையாக இருந்திருக்கிறது. ஏகாம்பரம் தாம்பாளத்தை நீட்டி, "மேடம், ஹெட், ஹெட்" என்றதும், சிரித்துக்கொண்டே கண்ணை மூடி, கையைக் கூப்பி, தலையைக் குனிந்துவிட்டார்.

ஏகாம்பரம் வைத்துவிட்டான்.

நான் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். "சூப்பர் மேடம், இந்தப் பக்கம் பாருங்க" என்று வேறு சொல்கிறேன்.

கனம் வித்தியாசமாக இருந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்து, கையை மேலே கொண்டுபோய், விசரைத் தொட்டார். எடுத்தார். பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போன வேகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ரமணி டீச்சர் என் பக்கம் திரும்பினார். "சார், அத முதல்ல அழிங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி. இது வெளிய போச்சுன்னா அங்க அவங்க வேலை போயிடும்."

அழித்தேன். இரண்டு முறை தப்பான பட்டனை அழுத்தினேன். நாதஸ்வரம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

"ஏன், நல்லாத்தான இருந்துச்சு?" என்றான் ஏகாம்பரம்.

கிறிஸ்டா அம்மா தொப்பியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். உள்ளே ஒரு சின்ன அட்டையில், அதைப் போட்டிருந்தவரின் பெயர் எழுதியிருக்கும். அதை மெதுவாகப் படித்தார். ஏதோ கேட்டார்.

"இவர் யாருன்னு எப்பவாவது தேடினீங்களான்னு கேக்கறாங்க," என்றார் ரமணி டீச்சர்.

"ஆபீசர் மேடம். பெரிய ஆபீசர்," என்றான் ஏகாம்பரம் பெருமையாக. "உள்ள பேர் இருந்தா டிமாண்டு ஜாஸ்தி."

ரமணி டீச்சர் இதை மொழிபெயர்த்தாரா என்று எனக்குத் தெரியாது. மொழிபெயர்க்காமல் இருந்திருந்தால் அவருக்குக் கோடி புண்ணியம்.

அந்த அம்மா வாசற்படியில் நின்றபடியே கொஞ்ச நேரம் பேசினார். சத்தம் உயரவில்லை. ரமணி டீச்சர் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். அதற்குள் மல்லிகா உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றிருந்தார்.

"இவங்க அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ, எதிர்வீட்ல ஒரு தையல்காரர் குடும்பம் இருந்துச்சாம். யூதர்கள். ஒரு நாள் காலைல இந்த மாதிரி தொப்பி போட்டவங்க வந்து அந்தக் குடும்பத்த கூட்டிட்டுப் போயிட்டாங்க. யாரும் திரும்பி வரல. ஒரு வாரம் கழிச்சு அக்கம்பக்கத்துல இருந்தவங்க உள்ள போய் ஆளுக்கொரு சாமான் எடுத்துக்கிட்டாங்க. இவங்க வீட்டுக்கு வந்தது தையல் மெஷின். அம்மா அதுலதான் தைக்கக் கத்துக்கிட்டாங்க. அதப் பாத்துத்தான் நானும் இந்தப் படிப்புக்கு வந்தேன்னு சொல்றாங்க."

எனக்கு என் டிபி போட்டோ ஞாபகம் வந்தது. தூக்கிய தாடையும் அந்த நாற்பது 'கம்பீரமும்' ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை, காது சூடாகிற அளவுக்கு வெட்கம்.

கிறிஸ்டா அம்மா தொப்பியைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தார். ரமணி டீச்சரிடம் ஏதோ சொல்லிவிட்டு காரைப் பார்த்தார். கிளம்பப் போகிறார் என்று மொழி தெரியாத எங்களுக்கே புரிந்தது.

பத்து நாள் வேலை, மஞ்சள் பாவு, அரக்குக் கரை, சரோஜா... எல்லாம் அந்தக் கார்க் கதவோடு போகப் போகிறது. மல்லிகா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

மல்லிகா வெளியே வந்தார். ஏகாம்பரத்தைக் கேட்டார்.

"இதுக்கா நான் பொட்டு வச்சேன்?"

மல்லிகா தாம்பாளத்தை அவன் கையிலிருந்து வாங்கி, தொப்பியோடு, பூவோடு, அப்படியே தரையில் ஓரமாக வைத்தார். செம்புத் தண்ணீரில் கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார்.

"அம்மா, இது இவரு வேல. என் வேல உள்ள இருக்குது. நீங்க பாத்தாலும் பாக்கலன்னாலும் இன்னிக்கு நான் நெய்யத்தான் போறேன். வந்ததுக்கு ஒருக்கா பாத்துட்டுப் போங்க."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. உள்ளே போய்க் குழியில் காலை இறக்கினார். "சரோஜா, போடு," என்றார். தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ரமணி டீச்சர் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். அதற்குள் கிறிஸ்டா அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

தரையில் சப்பணமிட்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கோர்வை சேரும் இடத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார். சரோஜாவின் நாடாவை வாங்கி ஒரு முறை போட்டு, தப்பாகப் போட, மூன்று பெண்களும் சிரித்தார்கள். நானும் ஏகாம்பரமும் வெளியே உட்கார்ந்திருந்தோம். எங்களை யாரும் கூப்பிடவில்லை. ஆப்பிளை நான்தான் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது அந்த அம்மா நெய்த இடத்தைத் தொட்டுக் காட்டி, மல்லிகாவின் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டார். ரமணி டீச்சர் சொன்னார்: "இது முழுக்க உங்க வேலையான்னு கேக்கறாங்க."

மல்லிகா தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு வாரத்தில் அழைப்பு வந்தது. மல்லிகாவுக்கும், கூட நாடா போட இன்னொருவருக்கும்.

ஏகாம்பரம் அன்று சாயங்காலமே சூட்கேஸ் பார்க்கப் போய்விட்டான். அவனிடம் பாஸ்போர்ட் இருந்தது. தொப்பிக் கண்காட்சி ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எப்போதோ எடுத்தது. மல்லிகாவுக்கும் சரோஜாவுக்கும் இல்லை.

"கூட ஒரு ஆளுன்னா புருஷன்தான? இதுல கேக்க இன்னா இருக்குது?" என்றான்.

"ஒண்ணும் இல்ல. வந்து நாடா போடுங்க," என்றார் மல்லிகா.

உட்கார்ந்தான். மூன்றாவது தள்ளலில் நாடா தரையில் உருண்டது. ஐந்தாவதில் பட்டு இழை பத்துப் பதினைந்து அறுந்தது. மல்லிகா திட்டவில்லை. அறுந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பிணைத்துக்கொண்டே சொன்னார்: "சரோஜா பாஸ்போர்ட்டுக்கு இன்னிக்கே அப்ளை பண்ணிடுங்க. கடைப் பக்கம்தான சென்டரு."

மூன்று மாதம் போனது. ஏகாம்பரம் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டான். மல்லிகா அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தார் — புடவைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் நீலக் கம்பளிக் குல்லா, பக்கத்தில் சரோஜா, பின்னால் பனி. ஏகாம்பரம் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். மனைவியை அல்ல. பின்னால் தெரிந்த பழைய சாமான் கடையில் தொப்பி இருக்கிறதா என்று.

"வரும்போது ஒண்ணே ஒண்ணு வாங்கினு வா," என்று கெஞ்சியிருக்கிறான். வாங்கி வந்தார். இரண்டு ஜோடி சாக்ஸ்.

வந்த மறுநாள் பீரோ காலி. புடவைகள் பீரோவில், தொப்பிகள் கட்டிலுக்கு அடியில். கொல்லைப்பக்க ஆணியில் இருந்த தபால்காரர் தொப்பியை மட்டும் துடைத்து மேல் தட்டில் வைத்திருக்கிறார். "அங்க ஒரு தபால்காரம்மா தெனம் எனக்கு வணக்கம் சொல்லுவாங்கண்ணா," என்றார்.

ஏகாம்பரம் திருந்திவிட்டானா? கேட்பீர்கள் என்று தெரியும். கழுகுத் தொப்பி அட்டைப் பெட்டியில் இருக்கிறது. வெளியே வைக்க அவனுக்கு வழியில்லை. விற்க மனசில்லை. நானும் டிபியை மாற்றிவிட்டேன், இப்போது ரோஜாப்பூ. இவ்வளவுதான் எங்கள் திருத்தம்.

இனி, போன ஞாயிற்றுக்கிழமை.

உற்சவத்துக்குப் பத்து நாள் முன்னால் கோயில் கமிட்டித் தலைவர் ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். "நம்ம தெருவுல இருந்து ஜெர்மனி போய் பாடம் எடுத்துட்டு வந்திருக்கீங்க. கோயில் சார்புல மரியாதை பண்ணலன்னா நல்லா இருக்காது," என்றார். மல்லிகாவைப் பார்த்துத்தான் சொன்னார். மல்லிகா எழுந்து நின்றுவிட்டார்.

"இந்த வருஷம் முதல் பரிவட்டம் உங்க வீட்டுக்குத்தான். துணிய நீங்களே நெய்ஞ்சு குடுத்துட்டா விசேஷமா இருக்கும்மா," என்றார் தலைவர். பிறகு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "நீ காலைல ஆறு மணிக்கெல்லாம் குளிச்சிட்டு வந்துடுபா."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

"நெய்யறது மல்லிகா. போனது மல்லிகா. சொல்லிக் கொடுத்தது மல்லிகா," என்றேன்.

"அதான் சார், அவங்க வீட்டுக்காரருக்குக் கட்றமே," என்றார் அவர். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "பொம்பளைங்களுக்குக் கட்ற வழக்கம் இல்லயே."

ஏகாம்பரம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் தலை அப்போதே லேசாகக் குனிய ஆரம்பித்துவிட்டது. நானும் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேசரி வந்தது, சாப்பிட்டேன்.

மல்லிகா துணியை நெய்தார். சின்னத் துணி, அதிலும் கோர்வைக் கரை. சரோஜா நாடா போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குருக்கள் துணியோடு வந்தார். ஏகாம்பரம் குனிந்தான். இந்த முறை குருக்கள் தாண்டிப் போகவில்லை. ஒரு சுற்று சுற்றி, பின்னால் ஒரு முடிச்சு போட்டார். மேளம் அடித்தார்கள். ஏகாம்பரத்தின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

சாமி புறப்பட்டது. ஏகாம்பரம் முன்னால் கம்பீரமாக நடந்தான். மல்லிகா பெண்கள் கூட்டத்தில் கடைசியாக, சரோஜாவோடு வந்துகொண்டிருந்தார். நான் நடையைக் குறைத்து அவர் பக்கத்தில் வந்தேன்.

"கோபமா இல்லையாம்மா உனக்கு?"

அவர் ஏகாம்பரத்தின் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

"அந்த முடிச்சப் பாருங்கண்ணா. புதுப் பட்டுல ஒத்த முடிச்சு போட்டுக்கீறாரு குருக்களு. வழுக்கும். ரெண்டு தெருதான் தாங்கும்."

"ஓடிப் போய்ச் சொல்லிடட்டுமா?"

மல்லிகா சரோஜாவைப் பார்த்தார். சரோஜா மல்லிகாவைப் பார்த்தார்.

"சொல்லலாம்தான்..." என்றார் மல்லிகா. நடந்துகொண்டே இருந்தார். நானும் போகவில்லை.

துணி விஷயத்தில் மல்லிகா சொல்லித் தப்பானதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன் — பரிவட்டம் முதல் தெரு முனையிலேயே இறங்கி ஏகாம்பரத்தின் கண்ணை மூடிவிட்டது.